செவ்வாயும் வியாழனும்

அத்தியாயம் 14

முந்தின நாள் வந்த கடிதம் சாப்பாட்டு மேஜை மேலயே கெடந்துச்சு. யாரும் எடுத்து வைக்கல. அது பக்கத்துல டீ கிளாஸை வைக்கக்கூட யாருக்கும் தைரியம் வரல. ஒத்தைத் தாளு, பாதி மேஜையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

நாப்பத்தோரு நாள். இந்த வருஷம் சின்னவ ஸ்கூலுக்குப் போகாத நாள் அவ்வளவு. வியாழக்கிழமை மூணு மணிக்கு பிள்ளையோட வீட்டுப் பெரியவங்க வந்து பேசணும், வரலன்னா பரீட்சைப் பட்டியல்ல இருந்து பேரை எடுத்துடுவோம்னு நாலே வரியில எழுதியிருந்தாங்க.

அம்மா நேத்து கேட்டுப் பாத்துட்டா. அதட்டிப் பாத்துட்டா. பக்கத்துல உக்காந்து தலையைக் கோதிவிட்டும் பாத்துட்டா. சின்னவ "நாளைக்குப் போறேன்"ங்கற ஒரே வார்த்தையை வச்சே எல்லாத்தையும் ஓட்டிட்டா.

இப்ப அந்த "நாளைக்கு" விடிஞ்சிடுச்சு, வியாழக்கிழமை.

ஆஸ்பத்திரி லாண்டரியில அம்மாவுக்கு ஏழு மணி ஷிப்ட். ஆறேகாலுக்கெல்லாம் செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னா.

"சாப்பிட்டியா?"

"பசிக்கல," சின்னவ சொன்னா.

"பசிக்குதான்னு நான் கேக்கல. சாப்பிட்டியான்னு கேட்டேன்."

"அக்கா ரொட்டி சுடறா."

"அக்கா சுட்டா அது ரொட்டி இல்ல, கரி. முழுங்கிட்டுப் போ."

அடுப்படியில இருந்து பெரியவ எட்டிப் பாத்தா. "கேக்குதும்மா."

"கேக்கணும்னுதான் சொன்னேன்."

ரெண்டு பொண்ணுங்களுக்கும் லேசா சிரிப்பு வந்துச்சு. அம்மாவுக்கும் வந்துச்சு. ஆனா கடிதத்தைப் பாத்ததும் மூணு பேர் சிரிப்பும் அப்படியே அடங்கிடுச்சு.

"சூப்பர்வைசர் கால்ல விழாத குறையா கேட்டு ரெண்டு மணிக்கு விடச் சொல்லியிருக்கேன்," அம்மா சொன்னா. "நேரா ஸ்கூலுக்கு வந்துடறேன். நீ கிளாஸ்ல இரு. மூணு மணிக்கு ஆபீஸ் வாசல்ல பாப்போம்."

"ரெண்டு மணிக்கு கரெக்டா வெளிய வந்துடுவியா?"

"வந்துடுவேன். ஏன் கேக்கற?"

"சும்மா."

அம்மா இறங்கிப் போயிட்டா. மூணாவது மாடியில இருந்து அவ செருப்பு சத்தம் கீழ வரைக்கும் கேட்டுச்சு. சின்னவ கதவைப் பிடிச்சிக்கிட்டு அது நிக்கற வரைக்கும் நின்னா.

பஸ் ஸ்டாப்புக்கு அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சேந்துதான் நடந்தாங்க. பெரியவளுக்கு இருபத்திரெண்டு வயசு. மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை. அப்பா இறந்த வருஷம் இவ பன்னெண்டாவது. ஸ்கூலை விட்டுட்டா. ஏன் வரலன்னு அப்ப ஒரு ஆள் வந்து கேக்கல. அந்தக் கோவம் இன்னும் அவ நெஞ்சுல இருக்கு. தங்கச்சியை யாரும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேச விடமாட்டா.

"நீ அம்மாகிட்ட சொல்லிட்டியா?" சின்னவ மெதுவா கேட்டா.

"எதை?"

"போன் விஷயத்தை."

பெரியவ பையை மறு தோளுக்கு மாத்தினா. "இல்ல. இன்னிக்கு மூணு மணிக்கு நானும் ஸ்கூலுக்கு வந்து சொல்லிடலாம்னு இருக்கேன். எப்படியும் தெரிஞ்சிடும்."

"அம்மா உன்னைத் திட்டுவா."

"திட்டட்டும். நீ கிளாஸுக்குப் போ. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் எனக்காகப் போ."

சின்னவ தலையாட்டினா. அவ பஸ் முதல்ல வந்துச்சு. ஏறி, ஜன்னல் பக்கம் உக்காந்து, கையைக் காட்டினா. பெரியவ மனசு கொஞ்சம் லேசாச்சு.

*

கண்ணாடிக் கடையில காலையில கூட்டம் கிடையாது. ஒரு தாத்தா மட்டும் வந்து நாற்காலியில சாஞ்சு உக்காந்திருந்தாரு. பெரியவ எழுத்துப் பலகைக்கு விளக்கைப் போட்டா.

"மேல் வரி தெரியுதா சார்?"

"தெரியுதும்மா."

"கடைசி வரி?"

"அது வரியா? நான் எறும்பு போகுதுன்னு நெனச்சேன்."

அவ சிரிச்சிக்கிட்டே கண்ணாடியை மாத்தினப்ப போன் அடிச்சுது. பாக்கெட்ல இருந்து எடுத்து, காதுல வச்சா.

"வணக்கம். உங்கள் பிள்ளை இன்று முதல் பாடவேளைக்கு வரவில்லை. உடல்நலக் குறைவு என்றால் எண் ஒன்றை அழுத்தவும். குடும்பக் காரணம் என்றால் எண் இரண்டை அழுத்தவும். காரணம் தெரியவில்லை என்றால் எண் மூன்றை..."

அவ கட்டைவிரல் ஒண்ணை அழுத்திடுச்சு.

"நன்றி. பதிவு செய்யப்பட்டது."

போன் அணைஞ்ச பிறகுதான் அவளுக்கு சுரீர்னு உறைச்சுது. இன்னிக்கா? இன்னிக்குமா போகல? நான் என்ன பண்ணிட்டேன்?

லாண்டரி உள்ள போன் கொண்டு போகக் கூடாது. லாக்கர்ல வச்சுப் பூட்டிடணும். அதனால ஸ்கூல்ல அம்மா நம்பருக்குப் பதிலா பெரியவ நம்பரைத்தான் குடுத்திருந்தாங்க. முதல் தடவை போன் வந்தப்ப சின்னவ முன்னாடியே சொல்லி வச்சிருந்தா. "வயித்து வலிக்கா, அம்மாகிட்ட சொல்லாத, பாவம் பயந்துடுவா." பெரியவ ஒண்ணை அழுத்தினா. ரெண்டாவது தடவையும் வயித்து வலி. மூணாவது தடவை காரணமே கேக்கல. ஒண்ணைத்தான் அழுத்தினா. மூணை அழுத்தினா வீட்டுக்கு ஆள் வரும்னு அவளுக்குத் தெரியும். தங்கச்சியைக் காப்பாத்தறோம்னு நெனச்சா. பிறகு அது கையோட பழக்கமாயிடுச்சு.

"என்னம்மா, என் கண்ணு அவ்வளவு மோசமா?" தாத்தா கேட்டாரு. "உன் முகம் ஏன் இப்படிப் போச்சு?"

"உங்க கண்ணு நல்லாத்தான் சார் இருக்கு," சொல்லும்போதே அவ பையை எடுத்துட்டா. "என் கண்ணுதான் சரியில்ல."

சின்னவ போன் அணைஞ்சிருந்துச்சு. அம்மாவைக் கூப்பிட்டா லாக்கர்தான் கேக்கும். மிச்சம் மாமாதான்.

*

மாமாவோட கடையில துணி துவைக்கற மெஷின்கள் ஒண்ணு மேல ஒண்ணா கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். அம்மாவோட கூடப் பிறந்த தம்பி. கல்யாணம் பண்ணிக்கல. "கெட்டுப் போன மெஷினைத்தான் எனக்கு ரிப்பேர் பண்ணத் தெரியும்"னு சொல்லியே அந்தப் பேச்சைத் தட்டிவிட்டுடுவாரு. பெரியவ உள்ள நுழைஞ்சப்ப அவரு ஒரு மெஷினுக்குள்ள தலையை விட்டிருந்தாரு.

"மாமா, சின்னவ இங்க வந்தாளா?"

தலை வெளிய வராம குரல் மட்டும் வந்துச்சு. "எந்தச் சின்னவ?"

"மாமா!"

தலை வெளிய வந்துச்சு. மூக்குல கிரீஸ். "ஸ்கூல்ல இருப்பா. எங்கிட்ட ஏன் கேக்கற?"

பொய் சொல்லும்போது மாமா காது மடலைத் தேய்ப்பாரு. இப்ப ரெண்டு காதையும் தேய்ச்சாரு.

"உண்மையைச் சொல்லுங்க."

"இன்னிக்கு வரல. சத்தியமா வரல."

"இன்னிக்கு வரலன்னா? மத்த நாள் வந்தாளா?"

மாமா துணியில கையைத் துடைச்சாரு. துடைச்சிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் கடைக்குப் பின்னாடி இருக்கற சின்ன ரூமைக் காட்டினாரு. ஒரு மேஜை, ஒரு விளக்கு, சுவத்துல சின்னவ கையெழுத்துல கணக்கு சூத்திரம் நாலஞ்சு.

"படிக்கறதுக்கு லீவு விட்டிருக்காங்க, வீட்ல சத்தமா இருக்குன்னு சொன்னா. நல்ல விஷயம்தானேன்னு சாவி குடுத்தேன். நல்லாத்தான் படிச்சா. நான் டீ கூட போட்டுக் குடுத்தேன்."

"எத்தனை நாள்?"

"எண்ணலயே. நீ அவ அக்கா, உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா நீங்க எங்ககிட்ட சொல்லியிருப்பீங்கன்னு நான் நெனச்சேன்."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. திட்டறதுக்கு ஆள் வேணும். ஆனா ரெண்டு பேர்ல யார் யாரைத் திட்டறது?

"ஷட்டரை இறக்கு," மாமா சொன்னாரு. "தேடிப் பாப்போம். கிடைக்கலன்னா நேரா ஸ்கூலுக்குப் போவோம். உங்கம்மா தனியா போய் நிக்கக் கூடாது."

லைப்ரரியில பாத்தாங்க. அங்க புத்தகம் எடுத்துக் குடுக்கற லைப்ரரி அம்மா, "அந்தப் பொண்ணா? வாரம் ரெண்டு நாள் வருமே. ரொம்ப அமைதி. ஸ்கூல் ப்ராஜெக்ட்னு சொல்லுச்சு. நான்தான் மூலையில நல்ல இடமா பாத்துக் குடுத்தேன்"னு பெருமையா சொன்னாங்க. சின்னவளோட பழைய செக்ஷன் தோழி ஒருத்தி, முயல்னு கூப்பிடுவாங்க, அவளையும் இடைவேளையில ஸ்கூல் கேட்டுக்கு வெளிய பிடிச்சாங்க.

"உங்கம்மாவுக்கு உடம்பு முடியல, கூட இருந்து பாத்துக்கறேன்னு சொன்னாளேக்கா," முயல் சொன்னா. "அதான் நான் நோட்ஸ் எல்லாம் எழுதிக் குடுத்தேன். ஒரு நாள்கூட விடல. உங்கம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

பெரியவ "நல்லா இருக்காங்க"ன்னு மட்டும் சொன்னா.

*

லாண்டரியில அம்மா ரெண்டு மணிக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே கையுறையைக் கழட்டிட்டா. படுக்கை விரிப்பு மடிக்கறது ரெண்டு பேர் வேலை. எதிர்ப்பக்கம் பிடிச்சிருந்தவ, "போ போ, நான் பாத்துக்கறேன். பிள்ளையை அடிச்சுத் தொலைச்சிடாத"ன்னு சொன்னா.

முன் வாசல் பஸ் ஊரைச் சுத்திப் போகும். துணி வண்டி வர்ற பின் வாசல்ல இறங்கினா எதிர்லயே நேர் பஸ். அம்மா பின் வாசல் வழியா ஓடினா.

மூணு மணிக்கு ஆபீஸ் வாசல்ல பெரியவ நின்னா. மாமா நின்னாரு. சின்னவ இல்ல.

"எங்க அவ?"

அம்மா மாமாவைப் பாத்தா. "நீ ஏன்டா இங்க?"

"உள்ள போயிப் பேசலாம்க்கா."

வருகைப் பதிவுக்குன்னு ஒரு டீச்சர் இருந்தாங்க. ஜலதோஷம் பிடிச்ச குரல். மேஜை மேல ஒரு ஃபைல், கைக்குட்டை, ஆறிப்போன டீ. வந்த மூணு பேருக்கு ரெண்டே நாற்காலி. மாமா ஜன்னல்ல சாஞ்சுக்கிட்டாரு.

டீச்சர் ஃபைலைத் திறந்தாங்க. "இருபத்திரெண்டு நாள் உடம்பு சரியில்லன்னு போன்ல பதிவாயிருக்கு. பத்து நாள் யாரும் போனை எடுக்கல. ஒன்பது நாளுக்கு லீவு லெட்டர் இருக்கு."

"உடம்பு சரியில்லயா?" அம்மா கேட்டா. "யாருக்கு? யார் சொன்னது?"

"நான்," பெரியவ சொன்னா. "நான்தாம்மா. ஒண்ணை அழுத்தினேன். இன்னிக்கும் அழுத்திட்டேன்."

அம்மா அவளை அடிக்கல. அடிச்சிருந்தாலாவது தேவலை. கையை மடியில வச்சிக்கிட்டு, ஏதோ வேத்து ஆளைப் பாக்கற மாதிரி பாத்தா.

டீச்சர் லீவு லெட்டர்களை எடுத்து மேஜையில பரப்பினாங்க. ஒன்பது தாளு. ஒவ்வொண்ணுலயும் கீழ மாமா பேரு, கையெழுத்து. ஸ்கூல் ரெக்கார்டுல ரெண்டாவது பாதுகாவலரா மாமாவைத்தான் போட்டிருந்தாங்க.

"சார், இது நீங்க போட்டதான்னு சொல்லுங்க. யோசிச்சு சொல்லுங்க. வீட்டுப் பெரியவங்க தப்பா லீவு குடுத்தா, எழுதி வாங்கிக்கிட்டு என்னால எப்படியாவது சமாளிக்க முடியும். பிள்ளையே கையெழுத்துப் போட்டிருந்தா அது வேற விஷயம். பெரிய டீச்சர்கிட்ட போயிடும். அப்புறம் என் கையில எதுவும் இல்ல."

மாமா ஜன்னலை விட்டு வந்தாரு. மூக்குக் கண்ணாடியை நெத்திக்கு ஏத்தினாரு, இறக்கினாரு. ஒன்பது தாளையும் ஒண்ணொண்ணா பாத்தாரு.

"நான் போட்டதுதான்."

"ஒன்பதுமா?"

"ஒன்பதும்தான். அப்பப்ப வந்து கேட்டா. போட்டுக் குடுத்தேன்." காது மடலை ஒரு தேய் தேய்ச்சாரு.

"டேய்," அம்மா சொன்னா.

டீச்சர் ஃபைலோட கடைசியில இருந்து இன்னொரு தாளை எடுத்தாங்க. "போன மாசம் அதிகமா லீவு எடுத்த பிள்ளைங்களைக் கூப்பிட்டு வட்டம் போடச் சொன்னோம். நடுவுல நீ. சுத்தி உனக்குன்னு இருக்கறவங்க. கஷ்டம்னா யார்கிட்ட போவேன்னு எழுது. உங்க பொண்ணு நெறைய பேர் எழுதியிருந்துச்சு. அதனால நான் கவலைப்படல. ஒருத்தர்கூட எழுதாத பிள்ளைங்க இருந்தாங்க. முதல்ல அவங்களைப் பாப்போம்னு இதை ஓரமா வச்சிட்டேன்."

அம்மா தாளை வாங்கினா. உள் வட்டத்துல அக்கா. மாமா. அடுத்த வட்டத்துல முயல். வெளி வட்டத்துல லைப்ரரி அம்மா.

ஒரு தடவை பாத்தா. திருப்பி பின்பக்கமும் பாத்தா.

"நான் எங்க டீச்சர்?"

"சில பிள்ளைங்க, அம்மாவைத் தனியா எழுதணுமான்னு..."

"இடம் இல்லாம இல்லையே. இங்க பாருங்க, எவ்வளவு இடம் கெடக்கு." அம்மா வெள்ளையா இருந்த இடத்தை விரலால தடவினா. "எல்லாரும் நல்லவங்கதான் டீச்சர். அக்கா நல்லவ, மாமா நல்லவன், ஊரே நல்லது. ஆளுக்கு ஒரு நாள், ரெண்டு நாள்னு தாங்கிப் பிடிச்சிருக்காங்க. என்கிட்ட மட்டும் ஒருத்தரும் சொல்லல."

ஜன்னலுக்கு வெளிய ஏதோ கிளாஸ் விட்ட சத்தம்.

"அந்தத் தேதியெல்லாம் ஒரு தடவை படிங்க," திடீர்னு அம்மா சொன்னா.

டீச்சர் ஆரம்பத்துல இருந்து படிச்சாங்க. அஞ்சாறு தேதி படிச்சதும் அம்மா கையைக் காட்டி நிறுத்தினா.

"இதெல்லாம் செவ்வாயும் வியாழனும்."

"காலண்டர் பாக்காம எப்படிச் சொல்றீங்க?"

"ஆபரேஷன் தியேட்டர் துணி வர்ற நாள் டீச்சர். தனியா எண்ணித் தேதி போட்டு கையெழுத்து வைக்கணும். அந்தத் தேதியெல்லாம் என் கையால எழுதினது. பிற்பாடுதான் எல்லா நாளும் போகாம விட்டிருக்கா. ஆரம்பம் செவ்வாயும் வியாழனும்தான். அந்த ரெண்டு நாள்ல என்ன?"

டீச்சர் டைம்டேபிளை எடுத்தாங்க. விரல் ஒரு இடத்துல நின்னுச்சு. ரெண்டு நாளும் காலையில முதல் ரெண்டு பீரியட் சயின்ஸ் லேப்.

"லேப்ல ரெண்டு ரெண்டு பேரா நிக்கணும்," டீச்சர் மெதுவா சொன்னாங்க. "காலாண்டுல மார்க் குறைஞ்சதுன்னு உங்க பொண்ணை செக்ஷன் மாத்தினோம். அந்த கிளாஸ்ல அப்ப முப்பது பேர். இவ முப்பத்தொண்ணு." கைக்குட்டையை எடுத்தாங்க. மூக்கைத் துடைக்கல, சும்மா கையில பிடிச்சிருந்தாங்க. "ஒருத்தி மிச்சம். ஜன்னலோரம் ஸ்டூல்ல உக்காந்து அடுத்தவங்க நோட்டைப் பாத்து எழுதுன்னு சொல்லியிருப்பாங்க. அப்படித்தான் சொல்லுவாங்க. ஒரு பிள்ளைக்கு செவ்வாய் தவறாம எப்படி வயித்து வலி வரும்னு நான் ஒரு நாள் கேட்டிருக்கலாம். டிக் போட்டேன். அவ்வளவுதான் பண்ணேன்."

பெரியவ முகத்தை மூடிக்கிட்டா. செவ்வாயும் வியாழனும் காலையில கடையில எறும்பு வரியைக் காட்டிக்கிட்டு நின்ன அவளுக்கு அது கண்ணுல படவே இல்ல.

"இப்ப என்ன பண்ணலாம்?" மாமா கேட்டாரு.

"பட்டியல் நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குப் போகுது. இன்னிக்கு ஆறு மணி வரைக்கும் நான் இருப்பேன். அதுக்குள்ள பிள்ளை வந்து, பேசி, கையெழுத்துப் போடணும். நீங்க ரெண்டு பேரும் நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதிக் குடுங்க. பெரியவங்க மேல தப்புன்னு இருந்தா நான் வாதாட முடியும்."

அப்பதான் அம்மா போன் அடிச்சுது. தெரியாத நம்பர்.

"ஆஸ்பத்திரி முன் கேட்டு செக்யூரிட்டி பேசறேன்மா. லாண்டரியில வேலை பாக்கறவங்கதானே? உங்க பொண்ணு காலையில ஒன்பது மணியில இருந்து இங்க பெஞ்சுல உக்காந்திருக்கு. உள்ள ஆள் அனுப்பவான்னு கேட்டேன், வேண்டாம், அம்மா ரெண்டு மணிக்கு வெளிய வருவாங்கன்னு சொல்லுச்சு. இப்ப மூணே முக்கால் ஆச்சு. என் டூட்டி முடியப் போகுது, அதான் நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன்."

அம்மா எழுந்துட்டா.

"நான் பின் வாசல்ல வந்துட்டேனே," யார்கிட்டன்னு இல்லாம சொன்னா. "ஓடி வந்தேனே."

*

நாலரை மணிக்கு அம்மா முன் கேட்டுக்கு வந்து சேந்தா. பெஞ்சுல சின்னவ யூனிபார்மோட, பையை மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தா. வெயில்ல முகம் கன்னிப் போயிருந்துச்சு.

"நீ வரமாட்டன்னு முடிவு பண்ணிட்டேன்," சின்னவ சொன்னா. "லீவு தரல போலன்னு நெனச்சேன்."

"பின் வாசல்ல போயிட்டேன்டி."

"ஓ."

அம்மா பக்கத்துல உக்காந்தா. கேக்கறதுக்கு ஆயிரம் இருந்துச்சு. ஒண்ணும் கேக்கல. ஒரு வார்த்தை மட்டும் சொன்னா.

"லேப்பா?"

சின்னவ தலையைத் திருப்பினா. கண்ணு ரெண்டும் மளமளன்னு நெறைஞ்சுது. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிருந்தா போல.

"முதல் நாள் சார், யார்கூட நிக்கறன்னு கேட்டாரும்மா. நான் சுத்திப் பாத்தேன். எல்லாரும் ரெண்டு ரெண்டா நின்னாங்க. ஒருத்தியும் என்னைப் பாக்கல. அடுத்த தடவையும் கேட்டாரு. ஒவ்வொரு தடவையும் கேப்பாரு. மறந்துடுவாரு. நான் ஒவ்வொரு தடவையும் சுத்திப் பாக்கணும்." மூக்கை உறிஞ்சினா. "கேக்கறதுக்கு சின்ன விஷயமா இருக்குல்ல?"

"இல்ல."

"இன்னிக்கு பஸ்ல ஏறிட்டேன். முதல் பீரியடே லேப்னு ஞாபகம் வந்துச்சு. ஸ்கூல் ஸ்டாப்ல இறங்க முடியல. சரி, உன்கிட்டயே எல்லாத்தையும் சொல்லிட்டு, உன்கூடவே போயிடலாம்னு இங்க வந்தேன்."

அம்மா அவ கையைப் பிடிச்சிக்கிட்டா. ரொம்ப நாளுக்கு அப்புறம் அந்தக் கை உதறாம பிடிச்ச பிடியிலயே இருந்துச்சு.

"வா, போலாம். ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு. அக்கா எழுதிக்கிட்டு இருக்கா. மாமாவும் எழுதறான், லீவு லெட்டர்ல கையெழுத்துப் போட்டேன்னு."

சின்னவ நிமிந்து உக்காந்தா.

"மாமா என்ன சொன்னாரு?"

"ஒன்பதும் நான் போட்டதுன்னு ஒத்துக்கிட்டான்."

"மாமா போடலம்மா."

அம்மா அவளையே பாத்தா.

"நான் போட்டேன். அவரு பில் புக்கைப் பாத்துப் பழகி நான்தான் போட்டேன். அவருக்குத் தெரியவே தெரியாது. இன்னிக்குத்தான் பாத்திருப்பாரு." சின்னவ சட்டுனு அம்மா கையை ரெண்டு கையாலயும் பிடிச்சா. "டீச்சர்கிட்ட சொல்லிடாதம்மா. உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். மாமாவே ஒத்துக்கிட்டாருல்ல, அப்படியே இருக்கட்டும். ப்ளீஸ்மா. சொல்லிடாத."

அம்மா இதுக்குத்தானே ஏங்கினா? அந்த வட்டத்துல தன் பேரு இல்லன்னு இப்பதானே வெந்துக்கிட்டு வந்தா? இப்ப அவளுக்கும் ஒரு இடம் கெடச்சிடுச்சு. பெரியவளுக்குக் குடுத்தது, மாமாவுக்குக் குடுத்தது, அதே மறைக்கற வேலைதான் இப்ப அவ கையிலயும் வந்து நிக்குது. "சரிடி"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். பொண்ணு நெஞ்சுல சாஞ்சுக்குவா. டீச்சர் வாதாடுவாங்க. பேரு பட்டியல்ல நிக்கும்.

போன் அடிச்சுது. பெரியவ.

"அம்மா, பாத்துட்டியா அவளை? மாமா எழுதி முடிச்சிட்டாரு. டீச்சர் கேக்கறாங்க. குடுத்துடவா?"

சின்னவ அம்மா வாயையே பாத்துக்கிட்டு இருந்தா.

"குடுக்காத," அம்மா சொன்னா. "அவன் எழுதினதை வாங்கிக் கிழிச்சுப் போடு. நீ எழுதினது மட்டும் இருக்கட்டும். நாங்க ரெண்டு பேரும் வந்து சொல்றோம்."

"என்னம்மா? ஏன்?"

"வந்து சொல்றோம்."

போனை வச்சப்ப அவ கை காலியா இருந்துச்சு. சின்னவ பெஞ்சோட அந்தக் கோடிக்கு நகந்திருந்தா.

"இனிமே என்ன மிச்சம்?" குரல்ல அழுகை இல்ல. அதுதான் அம்மாவுக்குப் பயமா இருந்துச்சு. "பேரு போகப் போகுது. நான் ஏன் வரணும்?"

"போகும்னு யாரும் சொல்லல. போகலாம். எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்லி உன்னைக் கூட்டிட்டுப் போக மாட்டேன். அங்க நான் பக்கத்துல நிப்பேன். அது மட்டும் நிச்சயம்."

"அதை வச்சு என்ன பண்றது?"

பஸ் வந்துச்சு. அம்மா ஏறினா. ஏறி, படியில நின்னு திரும்பிப் பாத்தா. சின்னவ கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தா. டிரைவர் ஹாரன் அடிச்சாரு. அப்புறம் பையை இழுத்துக்கிட்டு எழுந்து வந்து ஏறினா. அம்மா பக்கத்துல இடம் இருந்துச்சு. அவ நாலு சீட்டு முன்னாடி போயி, தனியா உக்காந்தா.

அம்மா அந்தப் பின்னந்தலையையே பாத்துக்கிட்டு வந்தா. கேட்டதுக்கு சரின்னு சொல்லியிருக்கலாமோ? ஒரு நாள், ஒரே ஒரு நாள் இந்தப் பொண்ணு தேடி வந்தா. வாசல் மாறிப் போச்சு. தேடிப் பிடிச்ச பிறகும் இப்படியா பண்ணணும்? இந்த வயசுல ஒரு தடவை கையை விட்டா மறுபடி நீட்டுமா? அஞ்சே கால். அஞ்சு இருபது. சிக்னல்ல பஸ் நின்னு நின்னு போச்சு. சின்னவ ஒரு தடவைகூடத் திரும்பல.

ஸ்கூல் மதில் தூரத்துல தெரிஞ்சுது. கேட்டுக்கு வெளிய பெரியவளும் மாமாவும் நிக்கறது தெரிஞ்சுது. மாமா கையில ஒரு தாளு இருந்துச்சு. கிழிக்கல.

அம்மா பெல் அடிச்சா. எழுந்து, கம்பியைப் பிடிச்சு, சின்னவ சீட்டுப் பக்கம் வந்து நின்னா. பஸ் நின்னுச்சு. கதவு திறந்துச்சு.

சின்னவ எழுந்திருக்கல.